இந்த வயதிலா?

எழுபது வயதுத் தாத்தா பல் ஸெட் கட்டிக்கொண்டு வந்தால், "முறுக்கின்மேல் ஆசை விடவில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் நாலு பேர் சிரிப்பார்கள், அத்துடன் சரி. ஐம்பது தாண்டிய மாமா தலைக்குச் சாயம் பூசிக்கொள்வதும், அத்தை தம் முழங்காலில் உலோக மூட்டுப் பொருத்திக்கொள்வதும் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டன. ஆனால் அந்த வயதிலுள்ள ஓர் அம்மாள், தம்முடைய மார்பகத்தை ரண சிகிச்சையினால் சீர்படுத்திப் பெரிதாக்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாக வாயைத் திறந்து சொல்லட்டும்! கணவர், பிள்ளை, மருமகள், பக்கத்து வீட்டார் ஆகிய சகலரும் ஒரே குரலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதிலா?"

இந்தக் கேள்வியைப் பற்றியே இவ்வாரம் சிறிது ஆராயலாமென்று உத்தேசம். குடும்பப் பத்திரிகையில் இப்படியும் ஒரு விஷயமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். குடும்பத்தைப் பெற்று வளர்த்த தாயாரின் உடம்பைப் பற்றிய விஷயம் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாதென்றால், வேறு எதுதான் ஆகும்? மேலும், நாம் பேசாமலிருந்தால் இதைப் பற்றிப் பேசுவதற்கு விளம்பரக்காரர்கள் ஏராளமாய்க் காத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் பாதிக் கணக்குத்தான் இருக்கும்.

வயது ஏறிய பிறகு இந்த எண்ணம் ஏன் உண்டாகிறது? காரணம் சரீரத்திலேயே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறைந்துவிடுகிறது. பால் சுரப்பிகள் சுருங்கி, அவை இருந்த இடத்தில் கொழுப்பு வந்து சேருகிறது. மார்பைத் தாங்கி நிற்கும் நார்கள் தளர்கின்றன. தோலும் தன் இழுவிசையை இழக்கிறது. குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததும், உடம்பு பெருத்து இளைத்ததும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. சில ஸ்திரீகள் இதைப் பொருட்படுத்துவதேயில்லை. சிலருக்கோ, கண்ணாடியில் காணும் உருவம் தம்முடையதல்ல என்று தோன்றுகிறது. இரண்டும் இயற்கையான மனோபாவங்களே. புற்று நோயினால் ஒரு மார்பகத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டு ஸ்திரீகளுக்கு மற்ற எல்லாப் புற்று நோய்களையும்விட அதிகமாக வருவது மார்பகப் புற்று நோய்தான். அதிலிருந்து பிழைத்து வந்தவள் இழந்ததைத் திரும்பப் பெற நினைத்தால், அதை அலங்கார ஆசை என்று சொல்பவர்களை என்னவென்று சொல்வது?

குறைப்பட்ட உருவத்தைச் சரி செய்வது மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். அறுபட்ட மூக்கைத் தோலினால் மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத ஸம்ஹிதை விவரிக்கிறது. மைசூர் யுத்தத்தில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரனுக்கு, பூனாப் பக்கத்து வைத்தியன் ஒருவன் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்துக் கொடுத்தான். அந்தச் செய்தி 1794-ம் வருஷத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் பின்பற்றி ஜோஸப் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-ல் அந்தச் சிகிச்சையைத் தம் நாட்டில் செய்து காட்டினார். ஆகவே உருவத்தைச் சீர்படுத்திக்கொள்வது பாபமுமல்ல, பரதேசச் சரக்குமல்ல.

ஆனால் மார்பகத்தைப் பெரிதாக்கும் சிகிச்சையின் சரித்திரம் அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. 1895-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து டாக்டர் செர்னி, கட்டி ஒன்றை எடுத்ததனால் மார்பில் பள்ளம் விழுந்த ஒரு பாடகிக்கு, அவளுடைய உடம்பிலேயே வேறிடத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்து நிரப்பினார். சொந்த உடம்பின் பொருள் என்பதால் அதில் நியாயம் இருந்தது. அதன் பிறகு பாரபின் மெழுகை ஊசி வழியாக ஏற்றும் விபரீதம் கிளம்பியது. மெழுகு உடம்புக்குள் கட்டி கட்டியாய் உறைந்து, புண்ணாகி, பலரைப் படாத பாடு படுத்தியது. பிறகு திரவ ஸிலிகோனை ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் அதே கதைதான்.

1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் க்ரோனின், ஜெரோ என்ற இரண்டு வைத்தியர்கள், பாகு போன்ற ஸிலிகோனை ஒரு பையில் அடைத்து முதன் முதலாக ஒரு பெண்மணியின் மார்பில் வைத்துத் தைத்தார்கள். டிம்மி ஜீன் லிண்ட்ஸே என்ற அந்த அம்மாள், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்! அதற்குப் பின் முப்பது வருஷ காலம் அந்தப் பைகள் தாராளமாக விற்பனையாயின. வழக்குகளும் முறையீடுகளும் குவிந்த பிறகே, 1992-ல் அமெரிக்க சர்க்கார் அவற்றுக்குக் கடிவாளம் போட்டது. பிறகு நடந்த விசாரணைகளில், பெரும் வியாதிகளை இந்தப் பைகள் உண்டாக்குகின்றன என்பதற்குப் போதிய ருசு கிடைக்கவில்லை. ஆனால் வைத்த இடத்தில் உண்டாகும் தொந்தரவுகளே பெரியவை என்று 1999-ல் நிபுணர் குழு ஒன்று அறிவித்தது. 2006-ல் மறுபடியும் அனுமதி கிடைத்தது.

அத்துடனும் கதை முடியவில்லை. பிரான்ஸ் தேசத்துப் பி.ஐ.பி. என்னும் கம்பெனி, வைத்தியத்துக்கு உகந்த ஸிலிகோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் மலிவுச் சரக்கை அடைத்து விற்றது 2010-ல் வெளியாயிற்று. கம்பெனியை நிறுவியவருக்கு 2013-ல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அபூர்வமாக ஒரு வகை நிணநீர்ப் புற்று நோய் உண்டாவதும் தெரிய வந்து, 2019-ல் அல்லெர்கன் கம்பெனி அத்தகைய பைகளை உலகமெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

இவ்வளவு சரித்திரத்தையும் எடுத்துச் சொன்னது யாரையும் பயமுறுத்துவதற்கல்ல. இன்றைய பைகள் முன்னைவிட மேலானவை. சிகிச்சை செய்துகொண்டு திருப்தியுடன் வாழும் ஸ்திரீகள் அநேகர். ஆனால் ஒவ்வொரு காலத்திலும், "பயமில்லை" என்று விற்றவன் ஒருவன். பிறகு அதன் பலனை உடம்பில் சுமந்தவள் வேறொருத்தி. இந்தச் சங்கதி தெரிந்திருந்தால், ஒரு பெண்மணி வைத்தியர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்விகளைக் கேட்பாள்.

நிற்க. வயதைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஐம்பது வயதுக்கு மேல் இந்தச் சிகிச்சை கூடாது என்று வைத்திய சாஸ்திரத்தில் எங்கும் விதியில்லை. வைத்தியர் பார்ப்பது பிறந்த தேதியையல்ல. இருதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை, மயக்க மருந்தைத் தாங்கும் சக்தி, உட்கொள்ளும் மருந்துகள், புகையிலைப் பழக்கம் முதலியவற்றையே. இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைக்கலாகாது. சிகிச்சைக்கு முன் மேமோகிராம் படம் எடுத்துப் பார்த்துவிடுவது அவசியம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வயதான மார்பகத்தில் குறை பெரும்பாலும் அளவில் இல்லை, தொய்வில் இருக்கிறது. தொய்ந்த இடத்தில் பையை மட்டும் வைத்தால் பாரம் அதிகமாகி மேலும் தொய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது தோலைக் குறைத்து மார்பை உயர்த்தித் தைக்கும் வேறொரு சிகிச்சை. அதற்குப் பை தேவையில்லாமலே போகலாம்; தழும்பு மட்டும் சற்று அதிகமாகும். வயிற்றிலோ தொடையிலோ இருந்து சொந்தக் கொழுப்பையே எடுத்து நிரப்புவதும் உண்டு. அதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லாமல், "எத்தனை அளவு வேண்டும்?" என்று தொடங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். ஸிலிகோன் பை ஆயுசு பரியந்தம் இருக்கும் வஸ்து அல்ல. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரையில், எட்டு அல்லது பத்து வருஷத்திற்குள் அதை எடுக்கவேண்டி வருவதாக அமெரிக்க மருந்து இலாகா சொல்கிறது. பை கிழியலாம், கிழிந்தாலும் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமலிருக்கலாம். பையைச் சுற்றி உடம்பு கட்டிக்கொள்ளும் உறை, சிலருக்கு இறுகிக் கெட்டிப்பட்டு வலி கொடுக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க, வைத்து ஐந்தாறு வருஷத்தில் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும் அல்ட்ராஸவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த இலாகாவின் யோசனை. 58 வயதில் வைத்துக்கொண்டவள் 80 வயதுவரை செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள் ஆறிலிருந்து ஒன்பது. இடையில் ஒரு தடவையாவது மறுபடி கத்தி வைக்க நேர்ந்தால், அப்போது அவளுக்கு வயது அறுபத்தெட்டோ எழுபத்தைந்தோ. அன்று மயக்க மருந்து கொடுக்க இருதயம் இடங்கொடுக்குமா? ஆஸ்பத்திரிக்கு உடன் வர ஆள் உண்டா? பென்ஷன் பணம் போதுமா?

புற்று நோய் அதிகமாகத் தலை காட்டும் வயதும் இதுவே. பை வைத்த மார்பில் மேமோகிராம் படம் முழுவதையும் காட்டாது. பையைப் பின்னுக்குத் தள்ளி அதிகப்படியான படங்கள் எடுக்க வேண்டும். அதற்குப் பழகியவர்களிடம் போவதும், பை இருக்கிறதென்று முன்கூட்டியே சொல்வதும் அவசியம். இவ்வளவையும் நோயாளிக்கு விளக்கி, அவர் கையெழுத்துப் பெற வாய்ப்பளித்த பிறகே பைகளை வைக்கலாம் என்று அமெரிக்காவில் 2021-ல் நிபந்தனை விதித்தார்கள். நம் ஊரில் யாரும் அப்படி விளக்கக் காத்திராவிட்டாலும், நாமே கேட்டுத் தெரிந்துகொள்வதை யாரும் தடுக்க முடியாது. வைத்தியர் பிளாஸ்டிக் ஸர்ஜரியில் எம்.சிஎச். போன்ற மேற்பட்டம் பெற்றவரா? வைக்கும் பை எந்தக் கம்பெனியுடையது? அதன் இலக்கமுள்ள அட்டையைக் கொடுப்பார்களா? பின்னால் எடுக்க வேண்டி வந்தால் என்ன செலவாகும்? இந்த நாலு கேள்விகளையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம். இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, வெறும் தோற்றத்துக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்று நோய் ஆகியவற்றுக்குப் பின் உறுப்பைத் திரும்ப அமைப்பதற்கு அந்தத் தடையில்லை.

ஏழைகளின் விஷயம் என்ன? 2018-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பக ரண சிகிச்சையை இலவசமாகச் செய்ய ஏற்பாடாயிற்று. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய மந்திரி கேட்டார். உயிர் காக்கச் செலவிட வேண்டிய பணமல்லவா என்று வேறு சிலர் ஆட்சேபித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்சேபித்தவர்கள் ஒன்றை யோசிக்கலாம். ஆசையும் மன வருத்தமும் வருமானத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவு மூடியிருந்தால், ஏழைப் பெண் கடன் வாங்கிக்கொண்டு போய் நிற்கும் கதவு எப்படிப்பட்டதாயிருக்குமோ!

கடைசியாக வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பரிகாசம் செய்வதனால் அந்த அம்மாளின் எண்ணம் மறைந்துவிடாது; அவள் அதைச் சொல்வதுதான் நின்றுபோகும். சொல்லாமல் செய்துகொள்ளும் சிகிச்சையில், விசாரிக்க ஆளில்லை. ஜுரம் வந்தால் கவனிக்க ஆளில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பரிசோதனையை ஞாபகப்படுத்தவும் ஆளில்லை. மாறாக, கணவருடைய வற்புறுத்தலுக்காகவோ, பிறர் கண்ணுக்காகவோ அவள் கத்திக்கு உடன்படுகிறாள் என்றால், அதைத் தடுத்து நிறுத்த வேண்டியதும் வீட்டாரின் கடமையே. உடம்பு அவளுடையது, முடிவும் அவளுடையதாகவே இருக்க வேண்டும்.

நாற்பது வருஷ காலம் வீட்டு வரவு செலவைப் பைசா பிசகாமல் பார்த்தவளுக்கு இந்தக் கணக்குப் பெரிதல்ல. விளம்பரக்காரன் விட்டுவிட்ட பாதிக் கணக்கையும் சேர்த்து அவள் முன் வைத்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு அவள் "வேண்டும்" என்றாலும் சரி, "வேண்டாம்" என்றாலும் சரி, அது யோசித்துச் சொன்ன பதிலாயிருக்கும். வீட்டார் "இந்த வயதிலா?" என்று கேட்பதை விட்டு, "இன்னும் எத்தனை வயது வரைக்கும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்பார்களானால், அந்தப் பதிலைச் சொல்வது அவளுக்கும் எளிதாகும்.