முடிவு யார் கையில்?



தமிழில் 'முடிவு' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நாம் எடுக்கும் தீர்மானமும் முடிவு. ஒரு கதையின் இறுதியும் முடிவு. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பே இல்லாமற் போகும்போது எழுகின்ற மனக்கசப்பைப் பற்றி இம்மாதம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

எருமப்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று கல்லூரிப் பிள்ளைகள் கணினியில் கதை விளையாட்டுகள் ஆடுகின்றனர். பல நாள் ஆடி முடித்தவன் "முடிவு சரியில்லை" என்று முகம் வாடி அமர்ந்திருந்தால், "விளையாட்டுக்கா இத்தனை துக்கம்?" என்று பெற்றோர் நகைக்கின்றனர். நகைக்கு முன் அவன் முறையீடு யாதெனக் கேட்பது நலம். அதில் நியாயம் உண்டு.

திரைப்படத்தில் நாயகன் செய்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்விளையாட்டுகளிலோ கதை நடுவழியில் நின்று நம்மை வினவுகின்றது: இப்பகைவனை மன்னிப்பதா, ஒறுப்பதா? இரு தோழருள் எவனைக் காப்பது? நாம் சொல்வதற்கேற்பக் கதை நகரும் என்பதே ஒப்பந்தம்.

இவ்வொப்பந்தம் முறிந்த வழக்குகளுள் புகழ்பெற்றது 'மாஸ் எஃபெக்ட்' என்பது. கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளியிட்ட விண்வெளிக் கதை அது. முதற்பாகத்தில் ஒருவர் செய்த தெரிவுகள் அடுத்த பாகங்களுக்கும் தொடர்ந்து சென்றன; யார் பிழைத்தார், யார் மடிந்தார் என்பதையெல்லாம் கதை நினைவில் வைத்திருந்தது. ஐந்தாண்டுகள் இவ்வாறு ஆடியவர்கள் 2012 மார்ச்சில் இறுதிக் கட்டத்தை அடைந்தபோது, முன்பு செய்தவை எவையாயினும் ஏறக்குறைய ஒரே மூன்று வழிகளே அவர்கள்முன் வைக்கப்பட்டன. மூன்றின் இறுதிக் காட்சிகளுக்கும் பெரும்பாலும் வண்ணமே வேறுபாடு: சிவப்பு, நீலம், பச்சை!

ஆட்டக்காரர் கொதித்தெழுந்தனர். ஆயினும் அவர்கள் எதிர்ப்பைக் காட்டிய வகை நம்மைப் புன்னகைக்க வைக்கின்றது. அம்மூன்று வண்ணங்களில் சுமார் 400 சிறு கேக்குகளைச் செய்வித்து நிறுவனத்துக்கே அனுப்பிவைத்தனர். மேலே நிறம் வேறு. உள்ளே சுவை ஒன்றே. நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றுக்கு அதே எதிர்ப்பின் பெயரால் எண்பதாயிரம் டாலர் அளவில் நன்கொடையும் திரட்டினர். வெறும் வீம்புக்காரர் இவ்வாறு செய்வதில்லை.

சோக முடிவு என்பதற்காகவா சினந்தனர்? அன்று. நம் கொங்குச் சீமையில் இரவிரவாக உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையை எண்ணிப் பாருங்கள். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மாள்வர் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும். தங்காளின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விடுவரேயன்றி, "எம்மை ஏமாற்றிவிட்டாய்" என்று பாடகரோடு எவரும் வழக்காடுவதில்லை. ஏனெனில் பாடகர் அவர்களை எதுவும் கேட்கவில்லை. முடியாமல் நிற்கும் கதையும் குற்றமன்று. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவன் விருந்துக்கு உள்ளே போனானா இல்லையா? நமக்குச் சொல்லப்படவில்லை. அதனாலேயே அவ்வுவமை நம்மை விடாமல் தொடர்கின்றது.

ஆக, குறை வேறிடத்தில் உள்ளது. கேட்டுவிட்டுக் கேளாமல் விடுவதே குறை.

படைப்போர் பக்கமும் சிறிது நிற்போம். கதையில் பத்து இடங்களில் இரண்டிரண்டு வழி வைத்து, எதையும் ஒன்று சேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகள் வேண்டும். இருபது இடங்களென்றால் பத்து இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் காட்சி வரைந்து, குரல் பதிந்து, இசை அமைக்க எந்த நிறுவனத்தால் இயலும்? ஆகவே பிரிந்த கிளைகளை ஆங்காங்கே மீண்டும் ஒரே வாய்க்காலில் சேர்த்துவிடுகின்றனர். சேர்ப்பது தவறன்று. எல்லாம் உன் கையில் என்று சொல்லிவிட்டுச் சேர்ப்பதே வருத்தம் தருவது.

2023-ஆம் ஆண்டில் டொரன்டோ நகரத்து விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வை இங்கே குறிப்பிட வேண்டும். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியர் வெண்பா, பாவலன். அவர்கள் மகன் கவின். தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டம். சிற்சில இடங்களில் வெண்பா பேச வேண்டியதை நாமே தெரிந்தெடுக்கலாம். ஆனால் எதைப் பேசினாலும் மகன் தாய்மொழியையும் இல்லத்தையும் விட்டு விலகுவதைத் தடுக்க இயலாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறைப்பட்டவர் உண்டு. வஞ்சிக்கப்பட்டோம் என்று எதிர்ப்பு எழவில்லை. எல்லாவற்றையும் மாற்றலாம் என்று அது ஆசை காட்டவில்லையே!

விளையாட்டை விட்டு வீட்டுக்குள் வருவோம். மதிப்பெண்ணுக்குப் பெயர்போன நம் நாமக்கல் வட்டாரத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை அருகே அமர்த்தி, "என்னம்மா படிக்கப் போகிறாய்?" என்று தந்தை கேட்கிறார். அவள் தமிழிலக்கியம் என்கிறாள். பொறியியல் கல்லூரிக்கு முன்பணம் கட்டிய இரசீதோ ஏற்கெனவே அலமாரியில் இருக்கின்றது. "இவ்வளவுதான் நம்மால் இயலும், அம்மா" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அழுதுவிட்டுப் புறப்பட்டிருப்பாள். கேட்டதுதான் அவளுக்கு ஆறவில்லை.

பயோவேர் நிறுவனத்தார் 2012 ஜூனில், விலை ஏதும் பெறாமல், தம் முடிவை விரித்து வெளியிட்டனர். பழைய மூன்று வழிகளும் அப்படியே இருந்தன. தோழர்கள் பின்னர் என்ன ஆயினர், உலகங்கள் எவ்வாறு மீண்டன என்னும் காட்சிகளைச் சேர்த்தனர். நான்காவதாக ஒரு வழியும் திறந்தனர்: மூன்றும் வேண்டா என்று மறுப்பது. மறுத்தால் போரில் தோல்வியே; அவன் காக்க நினைத்தவர் அழிவர். அதையும் துணிந்து தெரிந்தெடுத்தவர் இருந்தனர்.