இல்லப் பகுதி: நத்தைக்கு வேண்டும் பலவகை உணவு

ஐப்பசி மழை சேஷாசலத்தின் சரிவில் இறங்கிய மறுநாளே, திருப்பதியின் புறநகர்களில் நாம் குடியிருக்கும் வீடுகளின் பின்சுவர்களில் நத்தைகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. பெரியோர் முகஞ்சுளிக்கின்றனர். சிறுவர்களோ பழைய ஊறுகாய்ச் சாடி ஒன்றைத் தேடியெடுத்து, மூடியில் துளையிட்டு, ஒன்றிரண்டைப் பிடித்து வளர்க்க முற்படுகின்றனர். பாட்டி அதனை 'நத்தை' என்கிறாள். தெலுங்குப் பள்ளியில் பயிலும் பேரன் 'நத்த' என்கிறான். ஓர் ஐகாரம் குறைந்ததே வேறுபாடு. ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்களில் மொழிபெயர்ப்பு வேண்டாத சொற்களுள் இதுவும் ஒன்று.

பிடித்து வைத்த மூன்றாம் நாள் வினா எழுகிறது: இதற்கு என்ன உணவு இடுவது? பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் விடை, ஒரு வெள்ளரித் துண்டு. நத்தை அதனை ஆவலோடு தின்னும். மறுநாளும் வெள்ளரி, அதற்கு மறுநாளும் வெள்ளரி. வளரும் நத்தையாயின் சில வாரங்களில் அதன் ஓட்டின் விளிம்பு மெலிந்து, தாள்போல் பொடியத் தொடங்கும். பட்டினியால் நேர்வதன்று இது. வயிறு நிறைந்திருக்கும்போதே சத்துக் குன்றி அவ்வுயிர் நலிகிறது. குழந்தைகளுக்கு நாள்தோறும் வெறுஞ்சோறு மட்டும் இடும் தாய் எவளும் இல்லை. நத்தைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதைத்தான் இம்மாதம் அன்னையர்க்கும் சிறுவர்க்கும் சொல்ல விழைகின்றேன்.

மழையில் நத்தை ஏன் சுவரேறுகிறது என்பதை முதலில் நோக்குவோம். நீர் தேங்கிய தரையைவிட்டு விலகுவது ஒரு காரணம். மற்றொன்று, அது நம் சுவரைத் தின்ன வருகிறது! நத்தையின் நாக்கு அரம் போன்றது. அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அந்நாக்கினால் பழைய வெள்ளையடிப்பைச் சுரண்டிச் சுரண்டி உட்கொள்ளும். அதன் ஓடு முழுவதும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அச்சத்து உணவில் வந்தாலன்றி ஓடு வளராது. முட்டைகளுக்கும் அச்சத்தே வேண்டும்.

இதைக் கேட்டவுடன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து வைத்துவிடாதீர்கள். ஈரச் சுண்ணாம்பு மெல்லிய உடலைப் பொசுக்கும் காரப்பொருள். சுவரில் பூசி உலர்ந்த பின்னர் அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி, தீங்கற்ற சுண்ணக்கல்லாக மாறிவிடுகிறது. ஆதலின் நத்தை தேடுவது மாறிய பொருளையே. முட்டையுண்ணும் இல்லங்களில் ஓடுகளைக் கொதிநீரிலிட்டு, உலர்த்தி, பொடித்து ஒரு சிப்பியில் வைத்தால் போதும். மரக்கறி இல்லத்தார் நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேட்டு வாங்கலாம். அது கணவாயின் ஓடு. அதுவும் ஓர் உயிரினின்று வந்ததுதானே என்று கருதும் ஆசாரசீலர்கள் தூய சுண்ணக்கல் துண்டு ஒன்றை வைக்கலாம். கோலப்பொடி மட்டும் வேண்டா. அதில் எக்கல் அரைக்கப்பட்டுள்ளது என்பதை விற்பவரே அறியார்.

இனிக் கீரைகளைப் பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார்க்காகக் கோபாலன் முதலியோர் தொகுத்த இந்திய உணவு அட்டவணை நம் சமையலுக்கு மட்டுமன்றி நத்தையின் சமையலுக்கும் வழிகாட்டும். அதன்படி 100 கிராம் அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம். வெள்ளரிக்காயிலோ 10 மில்லிகிராமே. வெள்ளரியை மட்டும் உண்ட நத்தையின் ஓடு ஏன் மெலிகிறது என்பதற்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமோ? துவாதசியன்று பாரணைக்காக அகத்தி ஆயும் வீடுகளில் கழித்த காம்பிலும் முற்றிய இலையிலும் சிறிது அதற்கு வையுங்கள். கசப்பென்று சில நத்தைகள் தொடாமலிருக்கும். அப்போது முருங்கையிலையை உருவித் தூவுங்கள்.

கீரை என்ற பெயருடைய அனைத்தும் ஒன்றல்ல. பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கும். இவற்றை எப்போதேனும் ஒருமுறை தரலாம். நாள்தோறும் தருதல் கூடாது. ஆந்திர நாட்டார் பெருமையோடு உண்ணும் கோங்குராவை, அதாவது நம் புளிச்சகீரையை, அறவே விலக்குக. அண்டை வீட்டம்மையார் அன்போடு தரும் கோங்குராத் துவையல் நமக்கே உரியது. நத்தைக்கு அதில் பங்கில்லை. எலுமிச்சை, புளி, தக்காளியின் புளிப்பான சாறு ஆகியவையும் வேண்டா. புளிப்பு சுண்ணத்தைக் கரைக்கும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்ததே.

கீரைக்கு அடுத்தபடி, வாரத்தின் நாட்களை மாற்றி மாற்றிப் பரங்கிக்காய்ச் சீவல், சுரைக்காய்த் தோல், காரட், பீர்க்கை, கனிந்த பப்பாளி, வாழைப்பழத் துணுக்கு என நம் அரிவாள்மணையருகே விழுவனவற்றையே இடலாம். சந்தைக் காய்கறிகளில் பூச்சிமருந்து படிந்திருக்கும். நமக்குக் கழுவுவதைவிட ஒரு முறை மிகுதியாகக் கழுவுங்கள். சிற்றுயிர்க்குச் சிறு நஞ்சே பெரு நஞ்சு. பூசையில் வாடிய சாமந்தி இதழ்களை நத்தை விரும்பித் தின்னும். ஆயின் கடையில் தொடுத்த மாலையாயின் அதே ஐயம் அதற்கும் உண்டு. வீட்டுத் தொட்டியில் பூத்ததாயின் தடையில்லை.

காயும் கீரையும் மட்டும் போதா. காட்டில் வாழும் நத்தை உதிர்ந்த இலையையும், மக்கிய மரத்தையும், காளானையும், சிற்சில வேளை இறந்த பூச்சிகளையும் உண்கிறது. ஆகவே புரதச் சத்தும் அதற்கு வேண்டும். மேனாட்டில் நத்தை வளர்ப்போர் உலர்ந்த மீன்துகள் தருவர். நம் வீடுகளில் பட்டாணியை உப்பின்றி வேகவைத்து, மசித்து, வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை வைத்தால் தகும்.

பலவகை உணவு வேண்டும் என்பது வளர்ப்பவரின் கற்பனை அன்று. அவ்வுயிரே அதனை அறியும். அமெரிக்காவில் டெலானி, ஜெல்பரின் என்னும் இரு அறிஞர்கள் 1986ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஓடில்லா நத்தைகளுக்கு, இன்றியமையாத அமினோ அமிலம் ஒன்று இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தனர். வாசனையிலும் சுவையிலும் குறையில்லாவிடினும், அதனை உண்ட பின்னர் உடலுக்கு நேர்ந்த குறையை உணர்ந்து, அவ்வுணவை ஒதுக்க அவை கற்றுக்கொண்டன! நேற்று விரும்பிய வெள்ளரியை இன்று நத்தை தீண்டாவிடின், அதனைப் பிடிவாதம் என்று ஏசாமல் வேறொன்றை வைத்துப் பாருங்கள்.

ஓடில்லா நத்தையைப் பற்றிக் கேட்போரும் உளர். பூந்தொட்டிக்கு அடியில் தோல்துண்டு போல் ஒட்டிக்கிடக்கும் அதனைச் சிறுவர் அட்டையென்று அஞ்சுவர். அது குருதி குடிக்கும் அட்டை அன்று. சுமக்க ஓடில்லாமையால் சுண்ணத்தின் தேவை அதற்குக் குறைவு. ஈரத்தின் தேவையோ மிகுதி. மக்கிய இலையும் காளான் துண்டும் அதற்கு உவப்பானவை.

விலக்க வேண்டியவற்றுள் தலையாயது உப்பு. நத்தையின் தோல் உப்பைத் தாங்காது. உடலின் நீரெல்லாம் வெளிப்பட்டு மாண்டுபோகும். ஆதலின் ஊறுகாய்ச் சாடியை எடுக்காமல் வேறு கண்ணாடிச் சாடியைத் தேர்ந்தெடுப்பதே நன்று. செம்புப் பாத்திரமும் ஆகாது. செம்பு நத்தை இனத்துக்கு நஞ்சு. மலையிலிருந்து பிரசாதம் வந்தால் எல்லா உயிர்க்கும் பங்கிட வேண்டும் என்பது குழந்தைகளின் நல்லெண்ணம். ஆயின் புளியோதரையில் உப்பும் புளியும் எண்ணெயும் ஒருங்கே உள்ளன. இலட்டில் சர்க்கரையும் நெய்யும். இவற்றில் ஒன்றும் நத்தைக்கு ஏலாது என்பதைக் கனிவோடு எடுத்துரையுங்கள்.

மாலை மயங்கிய பின்னரே நத்தை உண்ணப் புறப்படும். அவ்வேளையில் உணவிட்டு, காலையில் எஞ்சியதை அகற்றிவிடுங்கள்; அழுகவிட்டால் ஈ மொய்க்கும். சாடியினுள் ஈரமண் இரண்டு அங்குலம் இருக்கட்டும்.

இத்தனையும் எந்த நத்தைக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் காணும் நம் நாட்டு நத்தையின் ஓடு பெரும்பாலும் உருண்டு, சற்றே தட்டையாக இருக்கும். கூம்புபோல் நீண்டு, பழுப்பு வரிகளோடு, விரல் நீளத்துக்கும் மேல் வளர்ந்ததொன்றைக் கண்டால் அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. அதனை வளர்க்கலாகாது. 1847இல் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து கொணர்ந்த சில நத்தைகள் கல்கத்தாவின் சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டன. இன்று தமிழ்நாடும் ஆந்திரமும் உள்ளிட்ட பல மாநிலங்களில் அவ்வினம் பயிர்களை அழித்துவருகிறது. ஒன்றே ஆணும் பெண்ணுமாய் இருப்பது அதன் இயல்பு. ஒரு முறையில் நூறு இருநூறு முட்டையிடும்.

நம் இல்லங்களிலும் நிகழக்கூடிய ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1966இல் ஒரு சிறுவன் ஹவாய்த் தீவிலிருந்து மூன்று பெருநத்தைகளை விளையாட்டாக மியாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழாண்டுகளில் 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஒழிக்கப் பத்து இலட்சம் டாலர் செலவாயிற்று. 1975இல்தான் ஒழிந்ததாக அறிவித்தனர். 2011இல் அந்நகரில் அவ்வினம் மீண்டும் காணப்பட்டது. பாட்டி செய்தது இரக்கத்தால்தான். நம் பாட்டிமாரும் அதனையே செய்வர். ஆகவே அத்தகைய நத்தை வீட்டுக்குள் வந்திருந்தால் வேலிக்கு அப்பால் எறியாமல் வேளாண்மைத் துறையினர்க்குத் தெரிவியுங்கள்.

நம் நாட்டு நத்தையாயினும் எடுத்த தோட்டத்திலேயே திரும்ப விடவேண்டும். அலிபிரியிலிருந்து 3,550 படிகளேறித் திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் மழைநாளில் அழகிய நத்தைகள் தென்படும். அவற்றை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வராதீர்கள். சூழ்ந்துள்ள காடு 1989இல் தேசியப் பூங்காவாகவும், சேஷாசல மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அங்குள்ள உயிர்களை எடுத்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

தாய்மார் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தைகளின் உடலில் தங்கும். அது மனிதர் உடலிற் புகுந்தால் மூளையுறையைத் தாக்கும். 2010இல் ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் நண்பர்களிடையே பந்தயத்துக்காக ஓடில்லா நத்தையொன்றை விழுங்கினார். நினைவிழந்து, உடல் செயலற்று, எட்டாண்டுகள் துன்புற்று 2018இல் இறந்தார். அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. நத்தையையோ அதன் சாடியையோ தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், வாயருகே கொண்டுபோகாமை, அதற்குரிய தட்டைச் சமையற் பாத்திரங்களோடு கலவாமை ஆகிய மூன்றும் கட்டாயம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நத்தை வளர்ப்பதை இரண்டாண்டு ஒத்திவைப்பதே மேல்.

மாசி கழிந்து வெயில் ஏறும்போது நத்தை உணவைத் தொடாது. ஓட்டினுள் ஒடுங்கி, வாயிலை உலர்ந்த சவ்வினால் அடைத்துக்கொள்ளும். இறந்ததென்று எண்ணிக் குப்பையில் எறியப்பட்ட நத்தைகள் பல. அது கோடையுறக்கம். நம் ஊரில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அறிஞர்கள் குளத்து நத்தையின் இவ்வுறக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து உலகறிய எழுதியுள்ளனர். சில ஊரார் ஊமச்சி என்றழைக்கும் அக்குளத்து நத்தை, குளம் வற்றியதும் தன் கதவுபோன்ற மூடியை இழுத்து அடைத்துக்கொண்டு, சேற்றினுள் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும். உடலிற் சேமித்த சத்தையே சிறுகச் சிறுகச் செலவிடும். மழைக்காலத்தில் நாம் இடும் முருங்கையும் பட்டாணியும் நம் சாடி நத்தைக்கு அத்தகைய சேமிப்பாகும்.

உறங்கும் நத்தையின் சவ்வைக் குத்திக் கிழித்து உணவூட்ட முயலற்க. சாடியை நிழலில் வைத்துவிடுங்கள். முதல் மழை பெய்த மாலையில் சிறிது நீரைத் தெளித்தால் சவ்வு நெகிழ்ந்து, கொம்பிரண்டும் மெல்ல வெளிவரும். அன்று நீர் மட்டும் போதும். மறுநாள் கனிந்த பப்பாளியில் ஒரு துணுக்கும், அதனருகே முட்டையோட்டுப் பொடியோ கடல்நுரையோ சிறிதும் வையுங்கள்.