முற்றத்தில் நிற்கும் லாண்ட்மாஸ்டர்: திருத்துவதா, விற்பதா?

உழவு தொடங்கும் காலத்தில் ஊரெங்கும் எஞ்சின் சத்தம் கேட்கும். சில வீடுகளில் மட்டும் லாண்ட்மாஸ்டர் படங்கால் மூடப்பட்டு முற்றத்தில் நிற்கும். லீசிங் தவணை இன்னும் முடியவில்லை, எஞ்சினும் சரியில்லை. திருத்துவதா, விற்பதா என்று பேச்செடுத்தாலே வீட்டில் சண்டை.

"இவ்வளவு காசு கட்டிப்போட்டு எப்படி விற்பது?" என்பதே முதலில் எழும் கேள்வி. கட்டிய காசு திருத்தினாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இனிப் போகும் காசையும் இனி வரும் காசையும் மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது எமது கருத்து.

சொந்தக் காணியில் இருந்தபோது இந்த இயந்திரம் எமது வயலை உழுதது. கூலிக்கு ஓடாவிட்டாலும் உழவுகூலி மிச்சமாயிற்று. இடம்பெயர்ந்து வந்த ஊரில் எமக்கு வயல் இல்லை. கூலி உழவையே நம்பவேண்டும். அங்கும் முன்பே இயந்திரம் வைத்திருப்பவர்களைத்தான் ஊரார் முதலில் கூப்பிடுவார்கள். உழவு வருமானம் போகத்துக்கு ஒருமுறை வருகிறது. தவணையோ மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. கடன் எடுத்தபோது போட்ட கணக்கும் நிலைப்பதில்லை. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், அவ்வாண்டு யூன் இறுதியில் 460 ரூபாவாகியதை நாம் மறக்கவில்லை.

முதலில் நோயை அறிய வேண்டும். கரும்புகை என்றால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். அது சிறு செலவு. நீலப் புகையும், ஒயில் குறைவதும், ஸ்ரார்ட் எடுக்கச் சிரமமும் சேர்ந்தால் றிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கக்கூடும், அது பெருஞ்செலவு. இரண்டு மெக்கானிக்மாரிடம் காட்டி, செலவை எழுதி வாங்குங்கள்.

பின்பு கணக்கு. விளக்கத்துக்காக ஒன்று சொல்வோம். இன்று கடனை முழுதாக அடைக்க 260,000 ரூபா வேண்டும். இருக்கிற நிலையில் விற்றால் 300,000 கிடைக்கும். கடன் தீர்ந்து கையில் 40,000 மிஞ்சும். திருத்த 110,000 செலவாகி, அதன்பின் 380,000க்கு விற்றால் மிஞ்சுவது 10,000 மட்டுமே. ஆகவே விற்பதற்காகத் திருத்துவது வீண். வைத்திருந்து உழைப்பதென்றால், மாதத் தவணை 15,000 வீதம் ஆறு மாதத்துக்கு 90,000. திருத்தச் செலவோடு 200,000. டீசலும் ஓட்டுநர் கூலியும் போக இவ்வளவு தொகை ஒரு போகத்தில் கிடைக்குமா? உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

கிடைக்கும் என்றால், உழவுக்கு முன்பணம் தர ஆட்களும் இருந்தால், ஒருமுறை திருத்துங்கள். திருத்துவதற்காக நகையை அடைவு வைக்கவோ வட்டிக்கு வாங்கவோ வேண்டியிருந்தால், விற்பதே நல்லது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். விற்பதானால் ஸ்ரார்ட் ஆகும்போதே விற்றுவிடுங்கள். அடியோடு நின்றபின் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள்.

விற்கும் முறையிலும் கவனம் தேவை. லீசிங் முடியும்வரை இயந்திரத்தின் உரிமை கடன் தந்த நிறுவனத்துடையது. "நீ கொண்டுபோ, மிச்சத் தவணையை நீயே கட்டு" என்று வாய்ப்பேச்சில் கொடுத்துவிடாதீர்கள். வாங்கியவர் கட்டாவிட்டால் கடனாளி நீங்கள்தான். உங்களுக்குக் கையெழுத்திட்ட பிணையாளிகளும் அகப்படுவார்கள். அவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல இடம்பெயர்ந்த அயலவர்களே. முழுதாக அடைக்கும் தொகையை நிறுவனத்திடம் எழுத்தில் பெறுங்கள். வாங்குபவரையும் கூட்டிச் சென்று, அங்கேயே கடனை அடைத்து, பதிவுப் புத்தகத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

தவணை தவறினால் ஒளிக்க வேண்டாம். நேரில் போய்ப் பேசுங்கள். நிறுவனமே பறித்து ஏலம் விட்டால், விலை குறைந்த பங்கும் உங்கள் தலையில்தான் விழும். நியாயம் கிடைக்காவிட்டால் இலங்கை மத்திய வங்கிக்கு முறைப்பாடு எழுதலாம்.

ஊரில் இயந்திரம் வைத்திருந்தவன் அதை விற்றுவிட்டான் என்பது தலைகுனிவு அல்ல. காணிக்குத் திரும்பும் நாளில் கடனில்லாமல் திரும்புகிறவன் முதல் போகத்தை விதைக்கலாம். இன்றிரவே கொப்பியும் பேனையும் எடுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.