வெட்டை நோய்: யாருடைய கிருமி கணக்கில் வருகிறது?

வெட்டை நோய் எனும் கொனோரியா பென்சிலினுக்குக் கட்டுப்படாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2009 முதல் 2014 வரை 77 நாடுகளில் திரட்டிய தரவை உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்டது. தரவு தந்த நாடுகளில் 97 சதவீதத்தில் சிப்ரோஃப்ளாக்சசினையும், 81 சதவீதத்தில் அசித்ரோமைசினையும் எதிர்க்கும் கிருமி இருந்தது. இப்போது பெரும்பாலும் நம்பியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசியை.

எந்த மருந்து தோற்கிறது என்று கண்காணிக்க, நோயாளியிடம் மாதிரி எடுத்துக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். உடலுக்கு வெளியே அது சீக்கிரம் செத்துவிடும். இதற்கான மண்டல ஆய்வகம் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய் நிலையத்தில் இருக்கிறது. நான் எழுதுவது கோடியக்கரையிலிருந்து. நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல்.

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் அறிகுறியைப் பார்த்து இலவசமாக மருந்து தருகிறார்கள். பலருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் கொனோரியா தொற்றிய பெண்களில் பலருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருப்பைக் குழாய் கெடும்; பிறக்கும் குழந்தையின் பார்வையும் போகலாம்.

அறிகுறி தெரிந்தாலும் உப்பளத்தில் வேலை செய்யும் தலித் பெண் எங்கே போய்ச் சொல்வாள்? எங்கள் பக்கம் அவளிடம் நோயைக் கேட்பதற்கு முன் ஒழுக்கத்தைக் கேட்கிறார்கள். மேல்சாதி வீட்டுப் பெண்ணுக்கு அதே நோய் குடும்ப ரகசியம். சேரிப் பெண்ணுக்கு அது ஊர்ப்பேச்சு. எனவே மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறாள். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கும் கிருமி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அது பெரிய அறிவியல் பணி. அந்த இரத்தம் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. பின்னாளில் தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் அரசு அடைத்து வைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. சோதனை சிறைக்கு வழியானால் யார் மாதிரி தருவார்கள்?

தோழர்களே, கண்காணிப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், போலீஸ் கண்ணோடு வரக்கூடாது. நாகப்பட்டினத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மாதிரிகளை அங்கேயே வளர்க்கட்டும். பெயரும் சாதியும் கேட்காமல் பெண் ஊழியர்கள் எடுக்கட்டும். எந்த மருந்து வேலை செய்கிறது என்ற முடிவு, மாதிரி தந்த பெண்ணுக்கே முதலில் சொல்லப்படட்டும். தன் உடலைப் பற்றிய தகவல் அவளுடைய உரிமை.