வணிகனும் தராசில் ஏறட்டும்

"வியாபாரம் வேறு, வேதம் வேறு" என்னும் சொல் நம் கிறிஸ்தவ வணிகர் பலருடைய நாவில் பழமொழிபோல் புழங்கி வருகின்றது. தொழிலில் கருத்தூன்றி நிற்க விரும்புகின்றவன் ஞாயிறன்று திருப்பலியில் கேட்டதைத் திங்களன்று கடைக்குள் கொண்டுவரலாகாது. கொண்டுவந்தால் கை தளரும், கணக்குக் குழம்பும், போட்டியாளன் முந்திவிடுவான் என்பதே அதன் பொருள். இதைச் சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். தவறாமல் பூசை காண்கின்றவர்கள். திருவிழாவுக்குத் தாராளமாகத் தருகின்றவர்கள். பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புகின்றவர்கள். ஆயினும் இக்கருத்தை நாம் முழுமையாக மறுக்கின்றோம். இது நற்செய்திக்கு மாறானது என்பதோடு, எந்தத் தொழிலைக் காப்பதாகச் சொல்கின்றதோ அந்தத் தொழிலையே அரித்துத் தின்பது என்றும் சொல்கின்றோம்.

கருத்தூன்றுதல் தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. ஆமோஸ் இறைவாக்கினர் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் வணிகர்களைவிடக் கருத்தூன்றியவர்களை எங்கே காண்போம்? அமாவாசை எப்போது கழியும், ஓய்வுநாள் எப்போது முடியும் என்று தொழுகை வேளையிலும் அவர்கள் நினைத்திருந்தது தானிய விற்பனையையே. மரக்காலைச் சுருக்குவது எப்படி, எடைக்கல்லைப் பெருக்குவது எப்படி, பதரையும் கோதுமையோடு சேர்த்து விற்பது எப்படி என்பதில் அவர்களுடைய சிந்தை கணமும் சிதறவில்லை. அவர்களுடைய செயல்களை மறப்பதில்லை என்று ஆண்டவர் ஆணையிட்டுச் சொன்னதாகவே இறைவாக்கினர் உரைக்கின்றார். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "கருத்தூன்றினாயா?" என்பதன்று, "எதில் ஊன்றினாய்?" என்பதே.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், கண் உடலுக்கு விளக்கு என்று நம் ஆண்டவர் மொழிந்த பகுதி அமைந்துள்ள இடத்தை நோக்குங்கள். அதற்கு முன்னே மண்ணுலகில் செல்வம் சேர்ப்பது பற்றிய எச்சரிக்கை. அதற்குப் பின்னே இரு தலைவர்களுக்குப் பணிவிடை செய்ய இயலாது என்னும் தீர்ப்பு. செல்வத்தைப் பற்றிய இரண்டு போதனைகளுக்கு நடுவே கண்ணைப் பற்றிய போதனை ஏன் வந்தது? அங்கே நலமான கண்ணைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் 'ஹப்லூஸ்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஒருமையானது, மடிப்பில்லாதது, இரண்டாகப் பிளவுபடாதது என்பது அதன் பொருள். அச்சொல்லோடு ஈகைக் குணமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஒருமைப்பட்ட கண் என்பது பணப்பெட்டியை மட்டுமே பார்க்கும் கண் அன்று. பலிபீடத்தையும் பணப்பெட்டியையும் ஒரே பார்வையால் காணும் கண் அது. "வியாபாரம் வேறு, வேதம் வேறு" என்பவனோ தன் பார்வையை இரண்டாகக் கிழித்துக்கொள்கின்றான். சிதறல் வெளியிலிருந்து வரவில்லை, அவனே வரவழைத்துக்கொண்டது.

இந்த உண்மையைச் சொல்ல நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. 2004இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அக்கோயிலில் சைவ அடியார்களின் வாழ்க்கைக் காட்சிகள் சிறு சிற்பங்களாக வரிசையாய்ச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடியார் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அமர்நீதியார். தாராசுரத்தை அடுத்துள்ள பழையாறையைச் சேர்ந்த துணி வணிகர். இறைவன் ஓர் இளந்துறவியின் கோலத்தில் வந்து கோவணம் ஒன்றை அவரிடம் பாதுகாக்கக் கொடுத்ததாகவும், அது மறைந்துபோகவே அதற்கு ஈடான எடையில் வேறொன்று கேட்டதாகவும் வரலாறு சொல்கின்றது. வணிகர் தராசின் ஒரு தட்டில் துணிகளை வைத்தார், பட்டை வைத்தார், பொன்னை வைத்தார். தட்டுச் சமன்படவில்லை. இறுதியில் தாமும் தம் மனைவியும் மகனும் அத்தட்டில் ஏறியபோதுதான் தராசு நேர்நின்றது.

பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குக் கற்பித்தது. ஆதலால் இந்த வரலாற்றிலிருந்து பாடம் கேட்க நாம் கூசவேண்டியதில்லை. பொருளை மட்டும் தட்டில் வைத்துத் தன்னை வெளியே நிறுத்திக்கொள்ளும் வணிகனுக்குத் தராசு ஒருநாளும் சமன்படாது. காணிக்கை வேறு, காணிக்கை தருகின்ற ஆள் வேறு என்று ஆண்டவரிடம் கணக்கு முடிக்க இயலாது.

நம்முடைய மறைநூலிலும் ஒரு துணி வணிகர் இருக்கின்றார். திருத்தூதர் பணிகள் நூலின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் லீதியா, தியத்திரா நகரத்தவர். செந்நிற ஆடை விற்றவர். பிலிப்பி நகரில் பவுல் பேசியதைக் கேட்டு அவருடைய உள்ளம் திறந்தது. அடுத்து அவருடைய வீட்டுக் கதவும் திறந்தது. தொழிலை விட்டுவிடுமாறு பவுல் அவரிடம் சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. எப்படிச் சொல்வார்? அவரே கொரிந்தில் அக்கிலா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்து உண்டவரன்றோ! தொழில் தீட்டு என்று திருச்சபை ஒருபோதும் கருதியதில்லை. உள்ளம் திறந்த பின்னும் கடை மட்டும் பூட்டிய அறையாக இருக்கலாம் என்பதைத்தான் அது ஏற்கவில்லை.

கடை திறந்திருக்கின்றதா, பூட்டியிருக்கின்றதா என்பதை எப்படி அறிவது? சுவரில் மாட்டிய திருஇருதயப் படத்தைக் கொண்டன்று, கூலியைக் கொண்டு. தாராசுரமும் திருபுவனமும் தறிச்சத்தம் கேட்கும் ஊர்கள். பட்டுச் சேலை உருவாகும் முறையை இவ்வட்டாரத்தார் அறிவர். முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் தருகின்றார்; நெசவாளி தன் வீட்டில், பெரும்பாலும் மனைவியின் துணையோடு, நெய்து கொண்டுவந்து கொடுக்கின்றான்; சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றான். மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் அவனை அந்த முதலாளியின் வாசலிலேயே கட்டிப்போடுவதும் உண்டு. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. திருமண வீட்டில் பல்லாயிரம் பெறும் சேலையை நெய்த கைகளின் நிலை இது. இந்தச் சரக்கை வாங்கி விற்கும் கிறிஸ்தவ வணிகர், "நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, என் தொழிலில் கருத்தாயிருக்கின்றேன்" என்று சொல்வாராயின், அந்தக் கருத்துக்குள் நெசவாளியின் அடுப்பும் இருக்கின்றதா என்று நாம் கேட்போம். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகின்றது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியது உவமைக்காக அன்று.

இணைச் சட்டம் இருபத்து நான்காம் அதிகாரம், ஏழையின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடக் கட்டளையிடுகின்றது. அவன் உயிர் அதை நம்பியிருக்கின்றது என்று காரணமும் சொல்கின்றது. நம் நாட்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாள்களுக்குள் பணத்தைத் தீர்க்கவேண்டும் என்பது அதன் விதி. மோசேயின் சட்டம் ஒரு பகல் பொறுத்தது. நம் சட்டம் ஒன்றரை மாதம் பொறுக்கின்றது. அந்த ஒன்றரை மாதத்தையும் இழுத்தடித்து, பிறருடைய பணத்தை வட்டியில்லாக் கடனாகச் சுழற்றுவதைச் 'சாமர்த்தியம்' என்று அழைக்கும் கிறிஸ்தவனிடம் வேதத்தைப் பேசும்முன் நாட்டுச் சட்டத்தைப் பேசவேண்டியிருப்பது வெட்கக்கேடு.

"நேர்மையாக நடந்தால் போட்டியில் நிற்க முடியாதே" என்பது அடுத்த தடை. இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கைத்தறிக்கென ஒதுக்கிய வகைகளைக் காக்க 1985இல் சட்டம் வந்த பின்னும், விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதை ஊர் அறியும். செயற்கை இழை பட்டாகவும், போலிச் சரிகை வெள்ளிச் சரிகையாகவும் வேடம் போடும் சந்தையில் உண்மையைச் சொல்லி விற்பவன் சில வேளைகளில் தோற்பான். "இயேசுவை நம்பு, உன் வணிகம் பத்து மடங்கு பெருகும்" என்று மேடைகளில் முழங்குவோர் சொல்லாத உண்மை இது. நற்செய்தி இலாபத்துக்கு ஈட்டுறுதி தரும் பத்திரம் அன்று. சிலுவையில் அறையுண்டவரைப் பின்செல்பவன் நட்டமே அடையான் என்று போதிப்பவர்கள் சிலுவையைக் கல்லாப்பெட்டிக்குக் காவல் வைக்கின்றார்கள். அதுவும் "வேதம் வேறு" என்பதன் மறுபக்கமே. ஒருவர் கடவுளைக் கடைக்கு வெளியே நிறுத்துகின்றார். மற்றவர் உள்ளே அழைத்து வேலைக்காரராக வைத்துக்கொள்கின்றார்.

ஆனால் நேர்மைக்குச் சந்தையில் இடமே இல்லை என்பதும் பொய். பட்டின் தூய்மைக்குச் சான்றாகப் 'பட்டு முத்திரை' 2004இல் வந்தது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருபுவனத்து நெசவாளர்கள் பல்லாண்டுகளாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் சரக்கைத் தாங்களே விற்று வருகின்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். அறிவித்த சரக்கும் கொடுத்த சரக்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதையே ஒரு தொழிலின் மூலதனமாக அவர்கள் கண்டிருக்க, மலைப்பொழிவைக் கேட்டு வளர்ந்த நாம் அதை நடவாத காரியம் என்று கைவிரிப்பது எப்படித் தகும்?

கருத்துச் சிதறலின் இன்னொரு முகம் பேராசை. சொந்தத் தொழிலில் வந்த பணத்தை, அதுவும் கூலிக்கென வைத்த பணத்தை, மனையிலும் வட்டி நிறுவனத்திலும் ஊக வணிகத்திலும் போட்டுக் கைநனைக்கும் ஆசையைச் சொல்கின்றோம். சென்னையில் புகழ்பெற்றிருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் நம்பி வைத்த பணம் முடங்கியது. இலண்டனில் அதனோடு தொடர்புடைய நிறுவனம் ஊக வணிகத்தில் மூழ்கியதே பெருங்காரணம். மறு ஆண்டில் அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். கிறிஸ்தவப் பெயரும் சமூக மதிப்பும் அந்தப் பணத்தைக் காக்கவில்லை. அந்த வீழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1904இல், நம் காவிரிக் கரையில் கும்பகோணம் வங்கி தொடங்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்துக்குள்ளேயே தன் பணியை வரையறுத்துக்கொண்ட அது, முதற் கிளையை மன்னார்குடியில் திறந்தது 1930இல்தான். இருபத்தாறு ஆண்டுகள் பொறுத்திருந்த அந்த வங்கி, சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் இன்றும் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகின்றது. அதே கும்பகோணத்தில், பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன நிதி நிறுவனம் ஒன்றின்மீது 2021இல் மக்கள் காவல்துறையிடம் முறையிட்டதையும் கண்டோம். ஒரே ஊர் இரண்டு பாடங்களையும் கற்பித்திருக்கின்றது.

நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவை நம் காலத்தின் கொடிய தவறுகளுள் ஒன்றாக வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 43ஆம் எண்ணில் கண்டித்தது. நீதி, அமைதிக்கான திருப்பீட அவை 2012இல் தொழில் நடத்துவோரின் அழைத்தலைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. அவர்களுக்கு நேரும் முதன்மையான தடைகளுள் ஒன்றாக அது காட்டியதும் இந்தப் பிளவுபட்ட வாழ்வையே. தொழில் நடத்துவது ஓர் அழைத்தல் என்று திருச்சபை சொல்லும்போது, அது வணிகரைத் தாழ்த்தவில்லை; அவர்கள் நினைத்ததைவிட உயரத்தில் வைக்கின்றது. குருவுக்குப் பலிபீடம் எதுவோ, வணிகருக்கு அவருடைய கணக்கேடு அது. அங்கேதான் அவர் தம் ஆண்டவரைச் சந்திக்கின்றார், அல்லது தவறவிடுகின்றார்.

ஆதலால் பங்குப்பேரவைகளுக்கும் திருவிழாக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேருக்கும் கொடிமரத்துக்கும் பெருந்தொகை தருபவரை முன்வரிசையில் அமர்த்தும்முன், அவரிடம் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி சரியாகக் கிடைத்ததா என்று கேளுங்கள். கேட்க அஞ்சினால், பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்காமலாவது இருங்கள். சக்கேயு ஆண்டவரைத் தம் வீட்டில் வரவேற்ற அன்று காணிக்கைப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதையும், ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதையுமே பேசினார். மீட்பு அந்த வீட்டுக்கு வந்தது அதன் பின்னர்.

வணிகத் துறையில் உள்ள நம் பொதுநிலைச் சகோதர சகோதரிகளுக்குச் சொல்கின்றோம்: தொழிலில் கருத்தாயிருங்கள், சோம்பியிருப்பது பக்தி அன்று. அறிந்த தொழிலில் நில்லுங்கள். விற்கும் சரக்கின் குணத்தை மறைக்காதீர்கள். கூலியைப் பிடித்துவைக்காதீர்கள், வாங்கிய சரக்குக்குக் காலத்தில் பணம் கொடுங்கள். ஞாயிறன்று ஆண்டவரின் இரத்தத்தில் பங்குகொண்ட கையும், திங்களன்று தராசைப் பிடிக்கும் கையும் ஒன்றே. நெசவாளியும் சுமை தூக்குபவரும் கணக்கெழுதும் இளம்பெண்ணும் உங்கள் தட்டில் எவ்வளவு எடை பெறுகின்றார்களோ, இறுதி நாளில் உங்கள் எடையும் அவ்வளவே.