அக்கம்பக்கத்தார் வருவது அரைகுறை வைத்தியம் அல்ல

நோய் முற்றியவரை வீட்டில் வைத்துத் தன்னார்வலர்கள் துணையோடு கவனிப்பது, ஆஸ்பத்திரிக்கு வழியில்லாத ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று விவரம் தெரிந்தவர்களே பேசுகிறார்கள். கேரளத்தைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

வருகிறவர்களுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரண அமைப்பின் அனுபவத்திலிருந்து மலப்புறத்தில் ஊர்தோறும் குழுக்கள் வளர்ந்தன. அவற்றில் டாக்டரும் நர்ஸும் உண்டு; தன்னார்வலர்களுக்கு வகுப்பும் நேரடிப் பயிற்சியும் உண்டு. மருந்தின் அளவை முடிவு செய்வது அவர்கள் வேலையல்ல. ஆனால் நர்ஸ் தினமும் வர முடியாது. படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். புற்றுப்புண் நாற்றமெடுத்தால் சொந்தபந்தமே வாசலோடு நின்றுவிடும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் நாற்றம் அடங்கும். பேரப்பிள்ளை மறுபடி கட்டிலோரம் வந்து உட்காரும். கட்டு ஒழுங்காக மாற்றப்படுகிறதா, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று வந்து பார்ப்பவர் பக்கத்துத் தெருக்காரர்தான். எந்த ஐ.சி.யூ. இதைச் செய்யும்?

வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற பயம் இன்னும் போகவில்லை. டாக்டர் மேற்பார்வையில், புற்றுநோய் வலிக்கேற்ற அளவில் தரும்போது அப்படி ஆவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் தளர்த்தப்பட்ட பிறகும் மார்ஃபின் எழுதத் தயங்கும் டாக்டர்கள் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நோயாளி இரவெல்லாம் அலறுகிறாரே!

இப்படி வலியையும் அவதியையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சை என்றாலே நோயாளியைக் கைகழுவுவது என்பதும் தவறு. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம்; பெறாதவர்களுக்கு 8.9.

தன்னார்வலர்களே பார்த்துக்கொண்டால் அரசு தட்டிக்கழிக்க அது வசதியாகிவிடும் என்ற வாதம் கனமானது. ஆனால் கேரளத்தில் நடந்தது நேர்மாறு. ஊர்க்குழுக்கள் வழிகாட்டியபின் 2008-இல் அரசு ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக்கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துகள் நர்ஸ்களை அமர்த்தின. தமிழ்நாட்டிலும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இந்தச் சிகிச்சை வீடு தேடிப் போகிறது.

சுமையெல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது என்பதை மட்டும் மறுக்கமாட்டேன். அதனால்தான் தன்னார்வலர் வேண்டும் என்கிறேன். ஒருவர் வந்து இரண்டு மணிநேரம் நோயாளியோடு இருந்தால், மருமகள் ரேஷன் கடைக்குப் போய்வரலாம், கொஞ்சம் கண்ணயரலாம்.