தினம் ஒரு மாத்திரை... வாய் நாற்றம் போகுமா, ஈறு தேறுமா?

காலை 10 மணி மீட்டிங். பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் லேசாக முகத்தைத் திருப்புகிறார். அவ்வளவுதான், அன்று முழுக்க வேலை ஓடாது. மதிய இடைவேளையில் கைபேசியை எடுத்து 'வாய் நாற்றம் போக என்ன வழி?' என்று தேடுகிறார் அந்த இளைஞர். அடுத்த அரை மணி நேரத்தில் அவரது திரையில் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தினம் ஒரு மாத்திரை சப்பினால் போதும்; மூச்சும் புத்துணர்ச்சி, ஈறும் உறுதி என்கின்றன. 'பல் டாக்டர்கிட்ட போனா ஏதாவது நோண்டுவாரு, இது சும்மா சப்புற மாத்திரைதானே' என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்.

அதே இளைஞர் இரண்டு மாதமாக இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் பல் தேய்த்துத் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாய்க்கான இந்தச் சப்ளிமென்ட்கள் விஷம் இல்லை. அவற்றில் சிலவற்றுக்குச் சிறிய அளவில் ஆதாரமும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நுரையில் தெரியும் அந்தச் சிவப்புக்கு எந்த மாத்திரையும் பதில் இல்லை. 'ஏதோ செய்துகொண்டுதானே இருக்கிறோம்' என்ற நிம்மதியை மட்டும் அது கொடுத்துவிடுகிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

'வயித்துல புண்ணு, அதான் வாய் நாறுது' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. உண்மையில் நீடித்த வாய் நாற்றத்தில் பெரும்பகுதி வாயிலேயேதான் பிறக்கிறது. நாக்கின் பின்பகுதி மேடுபள்ளமான இடம். அங்கேயும், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளங்களிலும் காற்று அதிகம் புகாது. அப்படிப்பட்ட இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள் போன்றவற்றில் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அதில் ஒன்று.

டான்சில் பள்ளங்களில் சேரும் வெள்ளைக் கட்டிகள், சைனஸ் தொல்லை, சில நேரம் கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் நாக்கும் ஈறும்தான்.

எச்சில் குறைந்தாலும் நாற்றம் கூடும். தூங்கி எழுந்ததும் வாய் நாறுவது அதனால்தான். ஏ.சி. அறையில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், காபி மேல் காபியாக ஓட்டுபவர்களுக்கும் வாய் காய்ந்துபோகும். அலர்ஜிக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகளும் எச்சிலைக் குறைக்கும்.

ஈறில் ஏன் ரத்தம்?

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவரது குழுவினரும் எளிமையான ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரிடம், பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பல் மருத்துவ மாணவர்களே. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

அவர்களுக்கு எந்தச் சத்தும் புதிதாகக் குறையவில்லை. எந்தச் சத்தும் கூடுதலாகத் தரப்படவும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: பல்லின் மேல் படியும் பாக்டீரியாப் படலம். அது இருந்தால் வீக்கம், அகற்றினால் குணம்.

அகற்றாமல் விட்டால் அந்தப் படலம் எச்சிலில் உள்ள தாது உப்புகளை இழுத்துக்கொண்டு காரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு பிரஷால் எடுக்க முடியாது. மாத்திரையால் கரைக்கவும் முடியாது. பல் மருத்துவர் கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதையும் தாண்டி விட்டுவிட்டால் ஈறுக்கு அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும். ஈறு வீக்கம் முழுக்கக் குணமாகக்கூடியது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம்தான் பொன்னானது.

தேயிலைத் தோட்டம் சொன்ன கதை

'எங்க தாத்தா பிரஷ்ஷே புடிச்சதில்ல, எண்பது வயசுலயும் கரும்பு கடிச்சாரு' என்று சொல்லாத குடும்பம் குறைவு. இதற்கும் விடை அதே ஹரால்ட் லோவின் இன்னொரு ஆய்வில் இருக்கிறது. அது தமிழர்களின் வாயிலிருந்து கிடைத்த விடை.

1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களை, மலையகத் தமிழர்களை, அவர் குழு பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் மருத்துவரும் இல்லை என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அடுத்த 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் சுமார் 11% பேருக்கு நோய் வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81% பேருக்கு மெதுமெதுவாக முன்னேறியது. 8% பேருக்கோ வேகமாகப் பாய்ந்து, 45 வயதுக்குள் பற்களையே பறித்துவிட்டது.

கரும்பு கடித்த தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அதில்தான் இருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோவில் மாணவர்களையும் கல்வியாளர்களையும் கொண்ட இன்னொரு குழுவையும் கவனித்தார்கள். சிறு வயதிலிருந்தே பள்ளிப் பல் மருத்துவத் திட்டத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஈறு இழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. தினசரிச் சுத்தம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பல் மருத்துவர்: இவைதான் இரண்டு குழுக்களுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய இடைவெளி.

ஈறு நோய் கவனிக்கப்படாவிட்டால் எப்படி வளரும் என்று இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் படிக்கிறார்கள். பல் மருத்துவரையே பார்க்க வாய்ப்பில்லாத அந்தத் தொழிலாளர்களின் பற்கள்தான் அந்தப் பாடத்துக்கு விலை. பக்கத்துத் தெருவிலேயே பல் மருத்துவர் இருக்கும் ஒருவர், அவரைத் தவிர்க்க மாத்திரை தேடுவது விசித்திரம்தான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

புரோபயாடிக்: சந்தையில் அதிகம் பேசப்படுவது இதுதான். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12' என்ற நல்ல பாக்டீரியாவை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் வாய் நாற்றம் உள்ள 23 பேருக்குச் சோதித்தபோது, ஒரு வாரத்தில் இதை எடுத்தவர்களில் 85% பேருக்குக் கந்தக வாயு கணிசமாகக் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 30% பேருக்குக் குறைந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரைக்கு முன்பு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷால் எல்லோருடைய வாயையும் சுத்தப்படுத்தினார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. முதலில் வயலை உழுதுவிட்டுத்தான் விதைத்தார்கள். மேலும் 23 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். ஈறு வீக்கத்துக்கு 'லாக்டோபேசிலஸ் ரியூட்டரி' என்ற இன்னொரு வகையிலும் நடந்த சோதனைகள் கலவையான முடிவுகளையே தந்துள்ளன. பலன் தெரிந்த இடங்களிலும் அது ஸ்கேலிங் சிகிச்சையோடு சேர்ந்த கூடுதல் உதவியாகத்தான் இருந்தது.

வைட்டமின் சி: ஈறுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பழையது. 1747-ல் பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளுக்கு விதவிதமாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரே சட்டென்று தேறினார்கள். ஆனால் அது கடும் குறைபாட்டுக்கான மருந்து. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லி கிராம், பெண்ணுக்கு 65 மில்லி கிராம் போதும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லி கிராம் இருக்கிறது. கொய்யா சாப்பிடுகிறவருக்கு மாத்திரையால் ஈறு இன்னும் கூடுதலாக உறுதியாகிவிடாது.

குளோரோபில்: 1950-களில் அமெரிக்காவில் பற்பசை முதல் சூயிங்கம் வரை எல்லாவற்றையும் பச்சையாக்கிய மோகம் இது. நாளெல்லாம் பச்சைப் புல் தின்னும் ஆட்டுக்கிடா ஏன் நாறுகிறது என்ற ஒரே கேள்வியில் அன்றே சிரிப்புக்கு ஆளானது. இப்போது புது டப்பாவில் திரும்பி வந்திருக்கிறது. கோஎன்சைம் க்யூ10 போன்றவற்றுக்கும் ஈறு விஷயத்தில் வலுவான ஆதாரம் இல்லை.

'உறுதுணை' என்ற சொல்லின் சாமர்த்தியம்

டப்பாவை எடுத்துப் பார்த்தால் 'ஈறு நோயைக் குணப்படுத்தும்' என்று இருக்காது. 'ஈறு ஆரோக்கியத்துக்கு உறுதுணை' என்றுதான் இருக்கும். இது தன்னடக்கம் இல்லை. இந்தியாவில் ஹெல்த் சப்ளிமென்ட்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதாவது சட்டத்தின் பார்வையில் அவை மருந்து அல்ல, உணவு. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல அனுமதி இல்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகத்தை லேபிளில் அச்சிட வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் பளிச்சென்ற பல் வரிசை, பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வாசகம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு.

வாய் நாற்றப் பயத்தை வைத்து வியாபாரம் செய்வதும் புதிதல்ல. 1879-ல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவான லிஸ்டரின், 1920-களில் 'ஹேலிடோசிஸ்' என்ற மருத்துவப் பெயரை விளம்பரங்களில் ஊதிப் பெரிதாக்கித்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. கல்யாணம் தள்ளிப்போவதற்கே வாய் நாற்றம்தான் காரணம் என்கிற அளவுக்கு அந்த விளம்பரங்கள் போயின.

பணம் போகட்டும்... காலம்?

டப்பா விலை பெரிய நஷ்டம் இல்லை. தள்ளிப்போகும் மாதங்கள்தான் நஷ்டம். ஈறில் ரத்தம் என்பது சில நேரம் வாயைத் தாண்டிய செய்தி. கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை மோசமாக்கும். ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்த நீரிழிவாளர்களுக்கு அடுத்த 3, 4 மாதங்களில் ஹெச்.பி.ஏ.1.சி. ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை இருப்பதே தெரியாமல் திரியும் முப்பது வயதுக்காரருக்கு, ஈறுதான் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.

ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்கு எடுக்கும் பினைட்டாய்ன் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். கர்ப்பக் காலத்திலும் ஈறு எளிதில் வீங்கும். புகைப்பவர்களுக்கோ நேர்மாறு, நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. 'ரத்தமே வரல, அப்ப நல்லாத்தான் இருக்கு' என்று அவர்கள் நம்பிவிடுவார்கள். இவற்றையெல்லாம் மாத்திரை பிரித்தறியாது. பல் மருத்துவர் நாலு கேள்வி கேட்டாலே பிடித்துவிடுவார்.

'கிளீன் பண்ணா பல்லு ஆடும்' - உண்மையா?

இந்த ஒரு பயம்தான் பலரை மாத்திரை பக்கம் தள்ளுகிறது. ஸ்கேலிங் முடிந்ததும் பல் இடைவெளி தெரிகிறது, லேசாகக் கூசுகிறது, சிலருக்குப் பல் ஆடுவதுபோலவும் இருக்கிறது. நடந்தது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தது. அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு, சிமென்ட் பூசியதுபோல் மறைத்துவைத்திருந்தது. காரையை எடுத்ததும் உண்மை தெரிந்தது. கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும்.

'தனியார் கிளினிக்ல காசு கேப்பாங்களே' என்பது நியாயமான கவலை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், உண்மைதான். அந்த வரிசை குறைய வேண்டும், அரசு பல் மருத்துவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்று கேட்பதே சரியான கோரிக்கை. உலக மக்களில் 100 கோடிக்கும் அதிகமானோருக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனை பேருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்துத் தீர்க்கும் பிரச்சினை இல்லை இது.

அப்ப என்னதான் செய்யணும்?

* தினம் இரண்டு வேளை, இரண்டு நிமிடம். மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்துத் துலக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பெரிய தவறு. அங்கேதான் படலம் இருக்கிறது.
* பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் அல்லது சின்ன இடுக்கு பிரஷ், தினம் ஒரு முறை.
* நாக்கை மறக்காமல், பின்பகுதி வரை மெதுவாக வழிக்க வேண்டும்.
* வாய் காயாமல் தண்ணீர். சாப்பிட்டதும் கொப்பளிப்பு.
* இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவர். பல் ஆடினாலோ சீழ் வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம்.
* இவ்வளவும் செய்த பிறகு, மருத்துவரும் சரி என்றால், புரோபயாடிக் மாத்திரையை முயன்று பார்க்கலாம். முதல் படியாக அல்ல, கடைசிப் படியாக.

ஆலங்குச்சி, வேப்பங்குச்சி காலத்திலும் பெரியவர்கள் குச்சியைத் தேய்க்கத்தான் சொன்னார்கள், விழுங்கச் சொல்லவில்லை. மீட்டிங்கில் முகம் திரும்பியது ஒரு நாள் அவமானம். அதை மிட்டாயோ மாத்திரையோ மறைத்துவிடும். துப்பிய நுரையின் சிவப்பை மட்டும் மறைக்கக் கூடாது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால், அது பல் மருத்துவரிடம்தான்.